கிழித்தெடுத்த பக்கம்

பழனி அடிவாரத்தில் எனக்கு ஒரு பெரியவரைத் தெரியும். உயர்நிலைப் பள்ளித் தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். புலவர் பட்டம் வாங்கியவர். பெயரை எழுதினால் கோபித்துக்கொள்வார். ஆகையால் தலைமையாசிரியர் என்றே வைத்துக்கொள்வோம். கிருத்திகை தவறாமல் மலை ஏறுகிறவர். எண்பது வயதை நெருங்கியும் 693 படிகளையும் நடந்தேதான் ஏறுவார். விஞ்ச் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார். ஏறுகிறபோது வாயில் திருப்புகழ் ஓடிக்கொண்டே இருக்கும்.

சித்திரை பிறந்தால் கொடைக்கானலில் இருக்கும் மகள் வீட்டுக்கு அவர் வந்துவிடுவார். நாவல் எழுதுகிறேன் என்ற சாக்கில் நானும் வருஷத்துக்கு ஒரு மாதம் அங்கே போய் உட்காருகிறவன். காலையில் ஏரியைச் சுற்றி ஒரு நடை, அது முடிந்ததும் அவர் வீட்டில் காப்பி, அப்புறம் பேச்சு. கம்பனிலிருந்து கத்திரிக்காய் விலை வரை எதுவும் விலக்கல்ல. இரண்டு வருஷங்களுக்கு முன்பு ஒருநாள், காப்பி வந்து சேர்வதற்குள், சட்டைப் பையிலிருந்து மடித்த தாள்களை எடுத்து என்னிடம் நீட்டினார். நான்கு பக்கங்கள். ஏதோ புத்தகத்திலிருந்து நகல் எடுத்தவை. மடிப்பில் மை உதிர்ந்து, ஓரம் பழுத்துப் போயிருந்தது. சில வரிகளுக்குக் கீழே சிவப்பு மையில் கோடு இழுத்திருந்தது.

"2015-ல் எனக்கு ஒருவர் கொடுத்தார். பீரோவில் வைத்திருந்தேன். தம்பி, நீங்களும் எழுதுகிறவர். இதைப் படித்துப் பாருங்கள். இதை உங்கள் வீட்டுப் பெண்களுக்கு முன்னால் வாய்விட்டு வாசிக்க முடியுமா? அதை மட்டும் சொல்லுங்கள்" என்றார்.

இரண்டு வரி பார்த்ததுமே தெரிந்துவிட்டது. பெருமாள்முருகன் எழுதிய 'மாதொருபாகன்'. "நாவலை முழுக்கப் படித்தீர்களா, ஐயா?" என்று கேட்டேன்.

"எதற்கு? ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம்."

அன்று எனக்குப் பதில் சொல்ல வரவில்லை. பழமொழிக்கு எதிரே வாதம் செய்வது எப்போதும் கஷ்டம். ஆனால் வீட்டுக்குத் திரும்பி யோசிக்க யோசிக்க, ஆபாசம் என்று சொல்லிப் புத்தகங்கள் மீது தொடுத்த வழக்குகள் அனைத்தும் இந்த ஒரு பழமொழிக்குள் அடங்கிவிடுகின்றன என்று தோன்றியது. ஒரு சோறு பதம் காட்டுமா? காட்டும். ஒரே பானையில், ஒரே தண்ணீரில், ஒரே தீயில் வெந்த அரிசியானால் காட்டும். ஒரு புத்தகம் அப்படியா வேகிறது? முதல் அத்தியாயத்தில் ஒருத்தி சிரிப்பதற்கும் கடைசி அத்தியாயத்தில் அவளே சிரிப்பதற்கும் ஒரே பொருளா?

சட்டமும் நெடுங்காலம் ஒரு சோற்றைத்தான் பதம் பார்த்தது. 1868-ல் இங்கிலாந்தில் ஹிக்ளின் வழக்கில் பிரதம நீதிபதி காக்பர்ன் ஓர் அளவுகோலைத் தந்தார். தீய எண்ணங்களுக்கு எளிதில் வசப்படக்கூடியவர்கள் கையில் அந்த எழுத்து கிடைத்தால் அவர்கள் கெடக்கூடுமா என்று பார்க்க வேண்டும் என்பது அதன் சாரம். நடைமுறையில் அந்த அளவுகோல் என்ன ஆயிற்று? சில வரிகளைத் தனியே பிரித்தெடுத்து, ஊரிலேயே மிகப் பலவீனமான மனத்தின் முன்னால் வைத்துப் பார்ப்பது என்று ஆயிற்று. வேடிக்கை என்னவென்றால், அந்த வழக்கில் அகப்பட்டது காமக் கதையே அல்ல; கத்தோலிக்கப் பாவசங்கீர்த்தன முறையைத் தாக்கி எழுதிய ஒரு மதப் பிரசாரத் துண்டு நூல்.

அந்த அளவுகோல் கப்பலேறி இங்கே வந்தது. 1959-ல் பம்பாயில் ஒரு புத்தகக் கடையில் டி. எச். லாரன்ஸின் 'லேடி சாட்டர்லியின் காதலன்' நாவலின் முழுப் பதிப்பை விற்றதற்காகக் கடைக்காரர் மீது வழக்குப் போட்டார்கள். எழுத்தாளர் முல்க் ராஜ் ஆனந்த் புத்தகத்துக்காகச் சாட்சி சொன்னார். பயனில்லை. 1964-ல் உச்ச நீதிமன்றம் தண்டனையை உறுதி செய்தது. முழு நூலையும் கருத்தில் கொள்ளத்தான் வேண்டும். ஆனால் ஆபாசமான பகுதியைத் தனியாக எடுத்தும் பார்க்க வேண்டும் என்று நீதிபதி ஹிதயத்துல்லா எழுதினார். அதற்கு நான்கு வருஷங்களுக்கு முன்பே, 1960 நவம்பரில், லண்டனில் அதே புத்தகத்தின் மீது நடந்த வழக்கில் ஜூரிகள் பதிப்பகத்தை விடுதலை செய்துவிட்டார்கள். அங்கே 1959-ல் வந்த புதுச் சட்டம், நூலை முழுமையாக வைத்துத்தான் தீர்ப்புச் சொல்ல வேண்டும் என்று விதித்திருந்தது. அந்த வழக்கில் அரசாங்கத் தரப்பு வக்கீல், இந்தப் புத்தகத்தை உங்கள் மனைவியோ வேலைக்காரரோ படிப்பதை நீங்கள் விரும்புவீர்களா என்று ஜூரிகளைக் கேட்டாராம். ஜூரிகளில் சிலர் பெண்கள் என்பதை அவர் மறந்துவிட்டார் போலிருக்கிறது. நம் தலைமையாசிரியர் கேட்ட கேள்வியும் கிட்டத்தட்ட அதுதானே! மனித மனம் கடல் கடந்தாலும் மாறுவதில்லை.

அதே ஹிதயத்துல்லாதான், தலைமை நீதிபதியான பிறகு, 1970-ல் கே. ஏ. அப்பாஸ் தொடுத்த சினிமாத் தணிக்கை வழக்கில், தணிக்கை முறையை ஒப்புக்கொண்டபோதிலும், பால் உறவும் ஆபாசமும் எப்போதும் ஒன்றல்ல என்று சொன்னார். ஹிக்ளின் அளவுகோலை நம் உச்ச நீதிமன்றம் கைவிட்டது 2014-ல்தான். டென்னிஸ் வீரர் போரிஸ் பெக்கர் தம் வருங்கால மனைவியுடன் இருந்த ஒரு புகைப்படத்தைப் பத்திரிகையில் வெளியிட்ட வழக்கு அது. 1868-ஐ 2014-ல் கழித்துக்கொள்ளுங்கள். ஏறக்குறைய ஒன்றரை நூற்றாண்டு. ஒரு சோற்றைக் கீழே வைக்க அத்தனை காலம் ஆயிற்று.

மறுநாள் காலை நானும் ஒரு தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போனேன். அதில் சுமார் பத்து வரிகள் எழுதியிருந்தேன். ஒரு விலைமகளின் கூந்தல், கண், தோள், மார்பு என்று ஒவ்வொன்றாக வர்ணித்து, அவள் படுக்கையில் கிடந்து மதி மயங்கியவனின் நிலையையும் சொல்லுகிற வரிகள். சந்தி பிரித்து, அடிகளை உடைத்து, வசனம் போல எழுதியிருந்தேன். ஆசிரியர் பெயர் போடவில்லை.

தலைமையாசிரியர் மூக்குக் கண்ணாடியைச் சரி செய்துகொண்டு படித்தார். "இது எந்த மஞ்சள் பத்திரிகையில் வந்தது?" என்று கேட்டார். மறுபடியும் படித்தார். மூன்றாவது வரியில் அவருடைய உதடுகள் தாளத்தோடு அசைய ஆரம்பித்தன. அப்புறம் தாளை மடியில் வைத்துவிட்டு ஜன்னலுக்கு வெளியே பார்த்தார்.

அது பழனித் திருப்புகழ். அவர் எத்தனையோ நூறு தடவை பாடியது.

"இது நியாயமில்லை, தம்பி. முருகன் வருகிற இடத்துக்கு முன்னால் நிறுத்திவிட்டீர்கள்."

"அதைத்தான் ஐயா நானும் சொல்லுகிறேன்."

திருப்புகழ் படித்தவர்களுக்கு இது புதிதல்ல. அருணகிரிநாதர் பழனியைப் பற்றி ஏராளமாகப் பாடியிருக்கிறார். அவற்றில் பலவற்றின் முற்பகுதி முழுவதும் விலைமாதரின் அங்க வர்ணனை. அந்த மயக்கத்தில் நான் அழியலாமா என்ற கதறல். அதற்குப் பிறகே வேலும் மயிலும் பழனியும் வருகின்றன. முற்பகுதியை நீக்கிவிட்டுப் பிற்பகுதியை மட்டும் பாடினால் என்ன ஆகும்? பக்தி மிஞ்சும், ஆனால் எதிலிருந்து தப்பித்தோம் என்பது தெரியாத பக்தியாக மிஞ்சும். முற்பகுதியை மட்டும் வைத்துக்கொண்டாலோ மஞ்சள் பத்திரிகை. இரண்டும் சேர்ந்த இடத்தில்தான் அருணகிரி இருக்கிறார். பாதிப் படியில் நின்றுகொண்டு, மலைமேல் சாமி இல்லை என்று சொல்லுகிறவனுக்கு என்ன பதில் சொல்லுவது? மிச்சப் படிகளையும் ஏறு என்பதைத் தவிர வேறு பதில் இல்லை.

இந்தப் பாடல்களை ஊர் ஊராகத் தேடி அச்சேற்றிய வடக்குப்பட்டு சுப்பிரமணிய பிள்ளை, நீதிமன்றத்தில் உத்தியோகம் பார்த்தவர். 1894-ல் முதல் பாகம் வெளிவந்தது. ஹிக்ளின் அளவுகோல் கொடிகட்டிப் பறந்த காலம் அது. அந்த அளவுகோலை எடுத்துப் பழனித் திருப்புகழ் மேல் வைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எண்ணிப் பார்த்தேன். பாட்டு தப்பித்ததற்குக் காரணம், சட்டம் மத சம்பந்தமான நூல்களுக்கும் கோவில் சிற்பங்களுக்கும் விலக்கு அளித்ததுதான். 1860-ம் வருஷத்துத் தண்டனைச் சட்டத்தில் 292-ம் பிரிவில் இருந்த அந்த விலக்கு, 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 294-ம் பிரிவிலும் இருக்கிறது. அருணகிரிக்குச் சட்டமே குடை பிடிக்கிறது. நாவலாசிரியனோ, தன் எழுத்தால் பொது நன்மை உண்டு, இது இலக்கியம் என்று நிரூபித்துக்கொண்டு நிற்க வேண்டும்.

தலைமையாசிரியர் லேசில் விடுகிறவர் அல்ல. "சரி, தம்பி. அங்கே கடைசியில் முருகன் வருகிறான். உங்கள் நாவலில் கடைசியில் யார் வருகிறார்கள்?" என்று கேட்டார்.

நல்ல கேள்வி. விமரிசகர்கள் கேட்க வேண்டிய கேள்வியும் அதுதான். 'மாதொருபாகன்' 2010-ல் வெளிவந்தது. திருச்செங்கோட்டுப் பக்கத்துக் குடியானவத் தம்பதிகளான காளியும் பொன்னாவும் ஒருவர் மேல் ஒருவர் உயிராக இருக்கிறவர்கள். கல்யாணமாகிப் பன்னிரண்டு வருஷமாகியும் குழந்தை இல்லை. ஊர் வாய் சும்மா இருக்குமா? நல்ல காரியத்துக்குக் கூப்பிடுவதில்லை. விதைக்கிற இடத்தில் அவள் கை படக் கூடாது என்கிறார்கள். அவனை இன்னொரு கல்யாணம் செய்துகொள்ளச் சொல்லி உபத்திரவம் கொடுக்கிறார்கள். திருவிழாவின் பதினாலாம் நாள் இரவில், பிள்ளையில்லாத பெண் தேர்க் கூட்டத்தில் முகம் தெரியாத ஒருவனைத் தெய்வமாக எண்ணி ஏற்கலாம் என்ற பழைய வழக்கம் ஒன்றைக் கதை எடுத்துக்கொள்கிறது. காளிக்கு அதில் சம்மதமில்லை. அவன் சம்மதித்துவிட்டான் என்று பொய் சொல்லிப் பொன்னாவை அனுப்பிவைக்கிறவன் அவளுடைய கூடப் பிறந்த அண்ணன். எல்லாரும் அவள் நன்மைக்காகத்தான் செய்கிறார்கள். கடைசியில் காளி வீட்டுக்கு வந்து, அவள் போய்விட்டாள் என்று தெரிந்து, பூவரச மரத்தடியில் நொறுங்கிப் போகிறான்.

கடைசியில் யார் வருகிறார்கள் என்றால், துக்கம் வருகிறது. தெய்வம் வராத கதையில் வரவேண்டியது அதுதான். சிவப்புக் கோடு போட்ட அந்த நான்கு பக்கத்தில் துக்கம் இல்லை. அது முன்னூறு அடி பின்னாலும் முன்னூறு அடி முன்னாலும் இருக்கிறது. பன்னிரண்டு வருஷத்து ஏச்சுப் பேச்சைக் கேட்டு வராமல் நேரே அந்த இரவுக்குள் நுழைகிறவனுக்குக் கூட்டமும் இருட்டும் உடம்பும் மட்டுமே தெரியும். 2014 டிசம்பரில் திருச்செங்கோட்டில் நடந்தது அதுதான். நாவலின் சில பக்கங்களை நகல் எடுத்து ஊரில் விநியோகித்தார்கள். புத்தகத்தைக் கொளுத்தினார்கள். ஜனவரியில் கடையடைப்பு நடந்தது. 2015 ஜனவரி 12-ம் தேதி நாமக்கல்லில் அதிகாரிகள் சமாதானக் கூட்டம் என்று ஒன்றைக் கூட்டினார்கள். ஆசிரியர் மன்னிப்புக் கடிதத்தில் கையெழுத்திட்டார். பிறகு, எழுத்தாளன் பெருமாள்முருகன் செத்துவிட்டான் என்று அவரே அறிவித்தார். ஒரு தமிழ்ப் பேராசிரியர், தமிழ் நாட்டில், தமிழில் எழுதியதற்காகத் தமக்குத் தாமே மரண அறிவிப்பு எழுதிக்கொண்டார்! 2016 ஜூலை 5-ம் தேதி சென்னை உயர் நீதிமன்றம், அந்தச் சமாதானக் கூட்டத்து முடிவு அவரைக் கட்டுப்படுத்தாது என்றும், அவர் மீண்டும் எழுத வேண்டும் என்றும் தீர்ப்பளித்தது. அவர் எழுதினார். அதுவரை ஒன்றரை வருஷம் ஒருவர் பேனா மூடிக் கிடந்தது.

அந்த அறிக்கை வந்த சமயத்தில் நானும் ஒரு கட்டுரை எழுத நினைத்தேன். எழுதவில்லை. அதற்குக் காரணம் இருக்கிறது, பிறகு சொல்லுகிறேன்.

இது ஆண்கள் சமாசாரம் மட்டுமல்ல. பழனியின் பெயரையே தாங்கிய ஒரு பெண்மணியின் புத்தகத்துக்கும் இதே கதி நேர்ந்தது. பதினெட்டாம் நூற்றாண்டில் தஞ்சையில் மராட்டிய மன்னர் பிரதாபசிம்மரின் சபையில் இருந்தவர் முத்துப்பழனி. தெலுங்கில் அவர் எழுதிய காவியம் 'ராதிகா சாந்தவனம்'. பெரிய சீர்திருத்தவாதியான வீரேசலிங்கம் பந்துலு, ஒரு பெண் வாயிலிருந்து இது வரலாமா என்று கண்டித்தார். முன்பு வந்த அச்சுப் பதிப்பில் பாடல்கள் சில நீக்கப்பட்டிருந்தன. பெங்களூர் நாகரத்தினம்மாள் மூலச் சுவடியைத் தேடி எடுத்து 1910-ல் முழுமையாகப் பதிப்பித்தார். திருவையாற்றில் தியாகராஜ சுவாமிகள் சமாதிக்குக் கோவில் எழுப்பிய அதே அம்மாள்தான். வெட்கம் என்பது பெண்ணுக்கு மட்டுந்தானா, ஆண் கவிகள் எழுதியதில் இது இல்லையா என்று முகவுரையிலேயே கேட்டார். அடுத்த வருஷம் சர்க்கார் புத்தகத்தைத் தடை செய்தது. தடை நீங்கியது 1947-ல், பிரகாசம் பந்துலு சென்னை மாகாணப் பிரதமராக இருந்தபோது. அந்தக் காவியத்தின் மையம் சிருங்காரம் மட்டுமல்ல; தன் காதலனுக்குத் தானே ஒரு சின்னப் பெண்ணைக் கட்டிவைத்துவிட்டு, பிறகு பொறாமையில் வெந்து போகிற ஒருத்தியின் மனசு. அதைக் கோர்ட்டுக் கண்கள் பார்க்கவில்லை. அவை சிவப்புக் கோடு இழுக்கக்கூடிய வரிகளைத்தான் தேடின.

இதையெல்லாம் நான் சொல்லச் சொல்ல, தலைமையாசிரியர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்தார். கடைசியில் புலவர் பட்டத்தை வெளியே எடுத்தார்.

"தம்பி, நாம் உட்கார்ந்திருப்பது குறிஞ்சி நிலம். 2018-ல் இந்த மலை பூராவும் நீலமாய்ப் பூத்ததை நீங்களும் பார்த்தீர்கள். இந்தக் குறிஞ்சிக்குத் தொல்காப்பியர் வைத்த ஒழுக்கம் புணர்ச்சி. அதைப் பாடக் கூடாது என்று நம் முன்னோர் சொல்லவில்லை. ஆனால் ஒரு வேலி கட்டினார்கள். அகப்பாட்டில் தலைவன், தலைவி என்று சொல்லலாமே தவிர, இன்னார் என்று பெயர் சுட்டக் கூடாது. உங்கள் நண்பர் ஊர்ப் பெயரையே போட்டுவிட்டாரே! அந்தத் திருவிழாவுக்குப் போன தாய்மார்கள் எத்தனை பேர்? அவர்கள் பிள்ளைகளுக்கு எப்படி இருக்கும்?"

இதைக் கேலி செய்துவிட்டுப் போக எனக்கு மனம் வரவில்லை. இதுவரை ஆபாசத்தைப் பற்றி நான் கேட்ட வாதங்களில் இது ஒன்றுதான் கௌரவமான வாதம். உடம்பைப் பற்றிப் பேசாதே என்று அவர் சொல்லவில்லை. ஒருவர் மேல் கை வைக்காதே என்கிறார். பேச்சுரிமைக்கு எல்லை இருக்கத்தான் வேண்டும். நம் அரசியல் சாசனமும் 19-வது பிரிவில் உரிமையைக் கொடுத்த கையோடு, கண்ணியம், ஒழுக்கம், அவதூறு என்று சில வேலிகளைச் சொல்லியிருக்கிறது. வேலி வேண்டாம் என்பவன் நானல்ல. எங்கே போடுவது என்பதுதான் விவகாரம்.

பழனியே இதற்கு ஒரு பழைய சாட்சி சொல்லுகிறது. சங்க காலத்தில் பொதினி என்று பெயர் பெற்றிருந்த இந்த மலைநாட்டை ஆண்டவன் வையாவிக் கோப்பெரும் பேகன். மயிலுக்குப் போர்வை கொடுத்தான் என்று பள்ளிக்கூடத்தில் படித்திருப்பீர்கள். அவன் தன் மனைவி கண்ணகியை விட்டுவிட்டு வேறொருத்தியிடம் போய் இருந்தான் என்பதைப் பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுப்பதில்லை. கபிலர், பரணர், அரிசில் கிழார், பெருங்குன்றூர் கிழார் என்று நான்கு புலவர்கள் அதைப் பாட்டாகவே பாடினார்கள். புறநானூற்றில் 143 முதல் 147 வரை ஐந்து பாட்டுகள். அரசனின் பெயரைச் சொல்லி, அவன் படுக்கை விவகாரத்தைச் சொல்லி, அவன் முகத்துக்கு நேரே சொன்னார்கள். எங்களுக்குப் பரிசில் வேண்டாம், வாசலில் நின்று அழுகிறவளிடம் திரும்பிப் போ, அதுவே நீ தரும் பரிசில் என்றார்கள். பெயர் சுட்டியதனால் அவை அகத்தில் சேரவில்லை, புறத்தில் சேர்ந்தன. சேர்ந்தனவே தவிர, யாரும் அவற்றைக் கிழித்துப் போடவில்லை. பெயர் சொன்னால் குற்றம் என்பதல்ல இலக்கணம். பெயர் சொன்னால் பொறுப்பு அதிகம் என்பதுதான்.

அதற்கு நேர் எதிரான ஒரு சாட்சியும் நம்மிடமே உண்டு. சென்னையில் 1940-களில் லட்சுமிகாந்தன் என்பவர் 'சினிமா தூது', 'இந்துநேசன்' என்று பத்திரிகைகள் நடத்தினார். நடிகர், நடிகைகள், பெரிய மனிதர்களின் அந்தரங்கந்தான் சரக்கு. பணம் கொடுத்தவர்களின் கதை வெளிவராது என்றும் பேசிக்கொண்டார்கள். 1944 நவம்பரில் அவர் பட்டப்பகலில் குத்தப்பட்டு இறந்தார். தியாகராஜ பாகவதரும் என். எஸ். கிருஷ்ணனும் அந்த வழக்கில் தண்டனை பெற்று, 1947-ல் விடுதலையானார்கள். கத்தியால் குத்தியதை எந்த மனிதனும் நியாயப்படுத்த முடியாது. ஆனாலும் அந்தப் பத்திரிகைகளுக்குச் சுதந்திரம் கேட்டு நான் கொடி பிடிக்க மாட்டேன்.

பேகனைப் பாடியவர்களும் ஒருவனின் அந்தரங்கத்தைப் பேசினார்கள், லட்சுமிகாந்தனும் பேசினார். வித்தியாசம் என்ன? புலவர்கள் ஒரு பெண்ணின் கண்ணீரோடு சேர்த்து, முழுக் கதையாக, சம்பந்தப்பட்டவனிடமே சொன்னார்கள். லட்சுமிகாந்தன் ஒரு மனிதனின் வாழ்க்கையிலிருந்து ஒரு பக்கத்தை மட்டும் கிழித்தெடுத்துக் காலணாவும் அரையணாவுமாகச் சந்தையில் விற்றார். நாவலைக் கிழித்து நகல் எடுத்தவர்கள் செய்ததும் இதே தொழில்தான். கிழிக்கப்பட்டது ஒரு இடத்தில் மனிதன், ஒரு இடத்தில் புத்தகம். ஆபாசம் என்று நான் சொல்லத் தயாராக இருப்பது இந்தக் கிழிப்பைத்தான். உயிரோடிருக்கிற ஒரு தனி மனிதனை, மறுத்துப் பேச முடியாத ஒரு குழந்தையை, கிழித்து விற்கிற எழுத்துக்கும் படத்துக்கும் சட்டம் குறுக்கே வரட்டும். காளியும் பொன்னாவும் அப்படிப்பட்டவர்கள் அல்ல. ஊர்ப் பெயர் விஷயத்தில் தலைமையாசிரியருக்குப் பாதி நியாயம் உண்டு என்று ஒப்புக்கொள்கிறேன். நாவலாசிரியன் ஓர் ஊரின் பெயரை எடுக்கும்போது அந்த ஊர் மக்களின் மனசையும் கையில் எடுக்கிறான். ஆனால் அந்தப் பாதி நியாயத்துக்குப் பதில், கண்டித்து எழுதுவதும் எதிர்த்து இன்னொரு கதை சொல்லுவதுந்தான். கடையடைப்பும் கையெழுத்தும் அல்ல.

இனி, நான் கட்டுரை எழுதாத காரணத்தைச் சொல்ல வேண்டும்.

பல வருஷங்களுக்கு முன் ஒரு பத்திரிகையில் தொடர்கதை எழுதினேன். தாண்டிக்குடிப் பக்கத்துக் காப்பித் தோட்டத்தில் வேலை செய்யும் ஒரு விதவையைப் பற்றியது. எட்டாவது அத்தியாயத்தில், மழையில் காப்பிக் களத்தை மூடப் போன இடத்தில், அவள் ஒருவனைத் தானாகவே ஏற்கிறாள். பத்து வரி. அதில் விரசம் எதுவும் இல்லை என்று இன்றைக்கும் சொல்லுவேன். ஆனால் தபாலில் சேர்ப்பதற்கு முன் அந்தப் பத்து வரியை நானே அடித்துவிட்டேன். யாரும் அடிக்கச் சொல்லவில்லை. எந்தக் கலெக்டரும் கூட்டம் போடவில்லை. எந்த ஆசிரியரும் கடிதம் எழுதவில்லை. என் மாமனார் படிப்பாரே என்று நினைத்தேன், அவ்வளவுதான். கதை முடிந்ததும் கண்ணியமான எழுத்து என்று பாராட்டிப் பல கடிதங்கள் வந்தன. ஒரு கடிதம் மட்டும் வேறு மாதிரி. எஸ்டேட் ஒன்றிலிருந்து ஒரு அம்மாள் எழுதியிருந்தார்கள்: 'ஒன்பதாவது அத்தியாயத்தில் அவள் எதற்காக அப்படி அழுகிறாள்? நானும் இரண்டு தடவை படித்துவிட்டேன், புரியவில்லை.'

அந்தக் கடிதத்துக்கு நான் பதில் போடவில்லை. என்னவென்று போடுவது? எழுத்தில் ஒரு பகுதி ஆபாசமா, அல்லவா என்று அறிய எனக்கு இதைவிட நல்ல அளவுகோல் தெரியாது. அதை எடுத்துவிட்டால் கதைக்கு ஒன்றும் ஆகவில்லை என்றால், அது ஒட்டவைத்த சரக்கு, ஆசிரியன் வியாபாரத்துக்குச் சேர்த்தது, போகட்டும். எடுத்த இடத்தில் ரத்தம் கசிந்தால், அது கதையின் சதை. என் கதையில் கசிந்தது. முகம் தெரியாத ஒரு வாசகி அதைக் கண்டுகொண்டார்கள். 2015-ல் தணிக்கையை எதிர்த்து எழுதப் பேனாவை எடுத்தபோது, முதல் கத்தரி என் கையிலேயே இருந்தது நினைவுக்கு வந்தது. பேனாவை வைத்துவிட்டேன். அது வெட்கத்தினால் என்று அப்போது சொல்லிக்கொண்டேன். கோழைத்தனமும் கலந்திருந்தது என்று இப்போது தெரிகிறது.

இதைத் தலைமையாசிரியரிடமும் சொன்னேன். அன்று மாலை இருவரும் குறிஞ்சி ஆண்டவர் கோவிலுக்குப் போயிருந்தோம். அங்கிருந்து பார்த்தால், மேகம் இல்லாத நாளில், கீழே பழனி மலைக்கோவில் தெரியும். அன்று மேகம் விலகுவதும் மூடுவதுமாக இருந்தது. அவர் பதில் ஒன்றும் சொல்லவில்லை. இறங்கும்போது, "அந்தப் புத்தகம் உங்களிடம் இருந்தால் கொடுங்கள்" என்றார்.

கொடுத்தேன். ஒரு மாதம் கழித்துப் பழனியிலிருந்து அஞ்சலட்டை வந்தது. பொடி எழுத்தில் நெருக்கி எழுதியிருந்தார். புத்தகத்தை முழுக்கப் படித்தாராம். ஊர்ப் பெயரைப் போட்டது தவறு தவறுதானாம், அதில் மாற்றமில்லையாம். ஆனால் பொன்னாவை நினைத்து இரண்டு இரவு தூக்கம் வரவில்லையாம். அந்த நான்கு தாளையும் புத்தகத்திலேயே, அவை இருக்க வேண்டிய இடத்தில், செருகி வைத்துவிட்டாராம். கடைசியில், இடமில்லாமல் ஓரத்தில் குறுக்காக ஒரு வரி: 'உங்கள் பத்து வரியை எப்போது எழுதப் போகிறீர்கள்?'

அந்தத் தொடர்கதை மறுபதிப்பு வரப் போகிறது. அச்சுப் பிரதி மேஜை மேல் இருக்கிறது. எட்டாவது அத்தியாயத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.